லைட் சரியாகத்தான் எரிந்தது

தம்பி,

முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் வைத்தால் சுற்றி வளைத்துப் பேசி எங்காவது நழுவிவிடுவேன், என் லட்சணம் எனக்குத் தெரியும். உன் அம்மாவின் கால் இப்படி ஆனதற்கு நீ காரணம் இல்லை. அன்றைக்கு ஸ்கூட்டரின் லைட் சரியாகத்தான் எரிந்தது. எனக்குத்தான் கண் தெரியவில்லை. இருட்டினால் எனக்குக் கண் தெரியாது என்பது அதற்கு ஒரு வருஷம் முன்பே எனக்குத் தெரியும். தெரிந்தே வண்டியை எடுத்தேன். விழுந்து எழுந்ததும் பழியைத் தூக்கி உன் தலையில் வைத்தேன். பன்னிரண்டு வருஷமாக அதை இறக்கி வைக்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போது மட்டும் எப்படி வந்தது என்று கேட்பாய். போன ஞாயிற்றுக்கிழமை நீயும் சௌம்யாவும் இடப்பள்ளியிலிருந்து மட்டாஞ்சேரிக்குச் சாப்பிட வந்தீர்களே, அன்றைக்கு வந்தது. நீ சோற்றில் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே பேச்சுவாக்கில், "அப்பா, இந்தப் புதுக் காரு லைட்டு சரியில்ல கேட்டோ. ரெண்டு பிராவசியம் பல்பு மாத்தியாச்சு. என்னிட்டும் ரோடு தெளிய மாட்டேங்குது" என்றாய். அம்மா, "மெக்கானிக் நாசரிட்ட காட்டு" என்றாள். எனக்குக் கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றுவிட்டது. இரண்டு தடவை மாற்றியும் ரோடு தெரியவில்லை என்பது நான் பேசிய பேச்சு, தம்பி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வீட்டில் நின்று உன்னிடம் கத்திச் சொன்னது. அதற்குப் பிறகு சௌம்யா வெள்ளிக்கிழமைப் பயணத்தைப் பற்றிச் சொன்னாள். நீ வேலை செய்யும் கடையை அடைத்ததும் காரை எடுத்து, குமுளி வழியாக மலை ஏறி, கம்பத்தில் அவள் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. "ராத்திரி விட்டா டிராஃபிக் இல்ல. விடியறப்ப எத்திடலாம்" என்று நீ சிரித்தாய். மலைப்பாதை, இடவப்பாதி மழை, பக்கத்தில் கல்யாணமாகி மூன்று வாரமே ஆன பெண். நான் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து கை கழுவப் போனேன்.

திங்கட்கிழமை இரண்டு முறை உனக்கு போன் செய்தேன். முதல் முறை "சாப்பிட்டியா" என்று கேட்டேன். இரண்டாவது முறை "அங்க மழையா" என்று கேட்டேன். "என்ன அப்பா, சும்மா சும்மா விளிக்கிறீங்க" என்று நீயே கேட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். மலையாளத்தில் எழுதினால் நீ சீக்கிரம் படித்துவிடுவாய், தமிழ் உனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். இருந்தாலும் அந்தப் பொய்யை நான் மலையாளத்தில் சொன்னேன், ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் புரியட்டும் என்று. இதை அதில் எழுதக் கை வரவில்லை. நீ மெதுவாகவே படி. உறையை நான் ஒட்டவில்லை. நாலு பேர் முன்னால் சொன்ன பொய்யை ஒட்டின கடிதத்துக்குள் வைத்துத் திருத்தினால் அது இன்னொரு கோழைத்தனம். சௌம்யா படிக்கட்டும், பெரியப்பாவுக்கு நீயே வாசித்துக் காட்டு, நாசரிடமும் கொடு. வேறு யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அந்த ஒரு வருஷம் முன்பு நடந்ததைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் போட்டிருந்தார்கள். அம்மாதான் என்னைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினாள். சுவரில் மாட்டியிருந்த அட்டையில் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று வாசித்தேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன், பரீட்சையில் முதலாவதாக வந்தவனைப் போல. ஆனால் அந்த டாக்டர் பெண் விடவில்லை. சொட்டு மருந்து விட்டு, உட்கார வைத்து, விளக்கடித்து வெகுநேரம் உள்ளே பார்த்தாள். பிறகு, "சேட்டா, சந்த்ய கழிஞ்ஞால் தட்டித் தடஞ்ஞாணோ நடக்குன்னது?" என்று கேட்டாள். அந்தி சாய்ந்த பிறகு தட்டித் தடவித்தானே நடக்கிறீர்கள் என்று. மாலைக்கண்தானே, முருங்கைக்கீரை தின்றால் போய்விடும் என்று சமாளித்தேன். அவள் சிரிக்கவில்லை. இது சத்துக் குறைவால் வருவது இல்லை, கண்ணுக்குள் பின்பக்கம் இருக்கும் திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப் போவது, வெளிச்சத்தில் அட்டையைப் படிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, முதலில் இருட்டுப் பார்வை போகும், பிறகு பக்கவாட்டுப் பார்வை போகும் என்று பொறுமையாகச் சொன்னாள். கடைசியாக இரண்டு விஷயத்தை அழுத்திச் சொன்னாள். இருட்டில் வண்டி தொடக்கூடாது. பிள்ளைகள் இருந்தால் கூட்டிக்கொண்டு வரவேண்டும், இது குடும்பத்தில் இறங்கலாம். சீட்டிலும் எழுதிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நான் சொன்னது, "கண்ணு ஃபர்ஸ்ட் கிளாஸ்னு சொல்லிட்டாங்க." சீட்டைப் பழைய காலண்டருக்குப் பின்னால் செருகினேன். நாம் பிழைத்த பிழைப்பு உனக்குத் தெரியும். காலையில் அரைத்த மாவு சாயந்திரம்தான் பொங்கி நிற்கும். சாயந்திரம் கடைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் மறுநாள் தோசைக்கு வாங்குவார்கள். தோப்பும்படி, பள்ளுருத்தி, கும்பளங்கி என்று கடைசிக் கடைக்குப் போவதற்குள் இருட்டிவிடும். இருட்டில் ஓட்ட மாட்டேன் என்றால் மாவு வியாபாரம் இல்லை என்று அர்த்தம். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையும் இல்லை. ஒரு ஆளை வைத்துக்கொண்டிருக்கலாம், ஆட்டோவில் அனுப்பியிருக்கலாம், கும்பளங்கியை விட்டுவிட்டுப் பக்கத்துக் கடைகளோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குக் கண் தெரியாது என்று ஊரில் நாலு பேர் சொல்வதை நினைத்தால் உடம்பு கூசியது. அவ்வளவுதான் காரணம்.

அதற்காக நான் கற்றுக்கொண்ட தந்திரங்களைக் கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். இல்லை, வராது. எனக்கு ரோடு தெரியாது, ரோட்டோரத்து விளக்குகள் தெரியும். மருந்துக்கடைப் பச்சை விளக்கு வந்தால் வலது பக்கம் பள்ளம். பேக்கரியின் வெள்ளை டியூப்லைட் வந்தால் வேகத்தடை. மொபைல் கடையின் நீல விளக்கைத் தாண்டினால் வளைவு. நடுவில் இருப்பதெல்லாம் எனக்குக் கறுப்பு. எங்கேயாவது ஒரு பஸ் முன்னால் கிடைத்துவிட்டால் அதன் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே போவேன். எறணாகுளத்தில் பிளாட்பாரத்தில் விற்ற மஞ்சள் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டேன், அதில் இருட்டு மஞ்சளாகத் தெரிந்தது, வேறொன்றுமில்லை. எதிரே ஒரு வண்டி லைட்டை அடித்துக்கொண்டு போனால், பத்து எண்ணும் வரைக்கும் கண்ணுக்குள் ஒன்றுமே இருக்காது. அந்தப் பத்தையும் நான் வண்டியை நிறுத்தாமல் எண்ணினேன். ரோட்டில் யார் யார் நடந்து போனார்களோ, அவர்கள் விலகிக்கொண்டதால் பிழைத்தார்கள். ஓட்டும்போது அதை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை என்பதுதான் கேவலம்.

லைட் மங்கல் என்ற பேச்சு அப்போதுதான் ஆரம்பித்தது. உனக்குப் பதினாறு வயது. பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாய். பள்ளிக்கூடம் விட்டால் பந்து, பந்து விட்டால் பள்ளிக்கூடம். உன்னைக் கூப்பிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நாசரிடம் லைட்டைச் சரி செய்து வா என்றேன். நீ போனாய். "நாசரிக்கா நோக்கினாரு அப்பா. பல்புக்கு ஒரு குழப்பமும் இல்லயாம்" என்று வந்து சொன்னாய், ஒரு கோளாறும் இல்லையாம். நான் நம்பவில்லை. புது பல்பு போடச் சொன்னேன், போட்டு வந்தாய். அதுவும் மங்கல் என்றேன். இன்னொரு முறை அனுப்பினேன். அப்போதும் நாசர் குழப்பமில்லை என்றுதான் சொல்லி அனுப்பினான். "நீ எங்கடா போன, கிரௌண்டுக்குத்தானே போன? பந்த உதைச்சிட்டு வந்து எங்கிட்ட கதை விடறியா?" என்று உன்னைத் திட்டினேன். நீ ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து, லைட்டைப் போட்டு, உள்ளங்கையை அதன் முன்னால் வைத்துக் காட்டினாய். "நோக்கு அப்பா, எப்படி அடிக்குதுன்னு நோக்கு" என்றாய். எனக்கு உன் கை தெரிந்தது. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது என்பது உனக்குத் தெரிந்துவிடக்கூடாதே என்று இன்னும் சத்தமாகத் திட்டினேன்.

அப்புறம் அந்த ஹர்த்தால். முந்தின ராத்திரி திடீரென்று அறிவித்துவிட்டார்கள். அதற்குள் அரிசியும் உளுந்தும் ஊறிவிட்டன, அரைக்காமல் என்ன செய்வது? சனிக்கிழமை காலையில் அரைத்தோம். ஹர்த்தால் சாயந்திரம் ஆறு மணிக்கு முடியும். நாலு மணிக்கே மாவு பாத்திரத்தை விட்டு வெளியே வழிய ஆரம்பித்துவிட்டது. கும்பளங்கிக் கடைக்காரச் சேச்சி போன் மேல் போன் போட்டாள், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய் வந்து எல்லார் வீட்டிலும் தோசை, மாவு இல்லாமல் முடியாது என்று. ஒரு நாள் முழுச் சரக்கு பெட்டியில் அடங்கவில்லை. ஒரு பையை மடியில் வைத்துக்கொள்ள அம்மாவைப் பின்னால் ஏறச் சொன்னேன். "மழை வர்ற மாதிரி இருக்குங்க. கடையெல்லாம் அடச்சுக் கிடக்குது. நாளைக்குக் காலம்பற போலாமே" என்றாள். "நாளைக்கு இத ஆரு வாங்குவா? கொண்டுபோய்க் கடல்ல கொட்டவா?" என்று எரிந்து விழுந்தேன். அவள் ஏறினாள்.

ஹர்த்தால் முடிந்தும் கடைகள் திறக்கவில்லை என்பதன் அர்த்தம் எனக்குப் பாலத்தைத் தாண்டின பிறகுதான் உறைத்தது. மருந்துக்கடை இல்லை, பேக்கரி இல்லை, நீல விளக்கு இல்லை. என் ரோட்டையே யாரோ அழித்துவிட்டார்கள். தூறல் வேறு. இரண்டு பக்கமும் தண்ணீர் கிடக்கிறது என்று தெரியும், எங்கே கிடக்கிறது என்று தெரியவில்லை. அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். அம்மாவிடம், இறங்கு, எனக்குக் கண் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். எதிரே ஒரு கார் வந்து போனது. நான் வழக்கம்போல எண்ண ஆரம்பித்தேன். ஆறோ ஏழோ எண்ணியிருப்பேன், அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கி, "கல்லு, கல்லு!" என்று கத்தினாள். காலையில் வண்டிகளை மறிக்க ரோட்டில் உருட்டிப் போட்ட கல். மற்ற எல்லோரும் பார்த்து ஒதுங்கிப் போன கல். பின்னால் உட்கார்ந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தவளுக்கே அந்த லைட்டில் அது தெரிந்தது. முன்னால் இருந்த எனக்குத் தெரியவில்லை.

எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அம்மா தூரப் போய் விழுந்தாள். மாவு ரோடெல்லாம் கொட்டி, மழையில் கரைந்து ஓடியது. பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். "கல்லு கண்டில்லே சேட்டா? இத்ர வலிய கல்லு!" என்றார், இவ்வளவு பெரிய கல்லைப் பார்க்கவில்லையா என்று. "லைட்டு மங்கலாணு" என்றேன். அதுதான் முதல் பொய். அப்போது நம் ஸ்கூட்டர் பக்கவாட்டில் கிடந்தது, அதன் லைட் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஓடையோரத்துப் புல்லெல்லாம் அதில் பளிச்சென்று தெரிந்திருக்கும். அந்த மனுஷர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குனிந்து சாவியைத் திருப்பி அதை அணைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் திருந்தியிருப்பேனோ என்னவோ, ஆனால் அது அவர் வேலையும் இல்லை.

இரண்டாவது பொய் உனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரியப்பா, பக்கத்து வீட்டுக்காரர்கள், மாவு வாங்கும் கடைக்காரர்கள் என்று கூட்டம். நீ பந்து விளையாடின நனைந்த சட்டையோடு ஓடி வந்தாய். என்ன ஆச்சு என்று பெரியப்பா கேட்டார். நான் உன்னைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "ஹெட்லைட் சரியல்லா. மோனோடு பறஞ்ஞதா, அவன் நன்னாக்கிச்சில்ல." மகனிடம் சொன்னேன், அவன் சரி செய்யவில்லை. பெரியப்பா உன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். "நாசரிக்கா குழப்பமில்லன்னு…" என்று நீ ஆரம்பித்தாய். அந்த நேரம் பார்த்து அம்மாவை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். நீ வாயை மூடிக்கொண்டாய். அதற்குப் பிறகு இன்று வரைக்கும் அந்த வாக்கியத்தை நீ முடிக்கவே இல்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். உன்னை அடித்த கையைப் பிடிக்க எனக்கு நேரம் இருந்தது, மனசு இல்லை.

அம்மாவின் தொடை எலும்பில் கம்பி வைத்தார்கள். ஒரு கால் குட்டையாகிவிட்டது. அடுத்த வாரம் நாசர் வீட்டுக்கே வந்தான், லைட்டில் ஒன்றுமில்லை, பையன்மேல் தப்பில்லை என்று சொல்லத்தான் வந்திருப்பான். "அதையெல்லாம் இப்பப் பேசி என்ன" என்று நான் அவனை உட்காரக்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வண்டியை வேறு கடைக்குக் கொண்டுபோனேன். இருட்டில் ஓட்டுவதை விட்டேன், அதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். ஆனால் காரணம் கேட்டவர்களிடம் முழங்கை வலி என்றேன். பதினெட்டு முடிந்ததும் நீ லைசென்ஸ் எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் சாயந்திர ஓட்டத்தை ஏற்றுக்கொண்டாய். ஏதோ தண்டனையைக் கட்டுவது போல ஓட்டினாய். கிளம்பும்முன் ஒவ்வொரு நாளும் உள்ளங்கையை லைட்டுக்கு முன்னால் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போவாய். நான் கதவுக்குப் பின்னால் நின்று அதைப் பார்ப்பேன். மழைக்காலத்தில் அம்மா கால் வலி என்று முனகினால் நீ எழுந்து வெளியே போய்விடுவாய். பொறுப்பு வந்துவிட்டது பையனுக்கு என்று ஊரார் சொன்னபோது நானும் தலையாட்டினேன்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. அது மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்தது. கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் சௌம்யா எனக்குச் சாயா கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா நொண்டி நொண்டிப் போவதைப் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில், "மாமா, அவங்க எங்கிட்ட எல்லாம் சொன்னாங்க. அத்தை கால் அவங்களாலதான் இப்படி ஆச்சுன்னு. சின்ன வயசுல பண்ண தப்பு, இன்னும் மனசுல வச்சுட்டு அழறாங்க. நீங்க ஒரு வார்த்தை பரவாயில்லன்னு சொன்னா கேப்பாங்க" என்றாள். புது மருமகள், கையில் டம்ளர், கண்ணில் தண்ணீர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் பழைய கதைம்மா, நாங்க மன்னிச்சாச்சு" என்றேன். நான் உன்னை மன்னித்தேனாம். அந்தச் சாயா தொண்டையில் இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். இறங்கியது, முழுவதும் குடித்தேன்.

நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மாவைப் பாக்கெட்டில் கட்டிக்கொண்டிருந்தாள். நான் பேசி முடிக்கும் வரைக்கும் கை நிற்கவில்லை. முடிந்ததும், "நான் கல்லுன்னு கத்தினேன்தானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "எனக்கு அது நல்லாத் தெரிஞ்சுது. ஆனா நீங்க எல்லார்ட்டயும் லைட் இல்ல லைட் இல்லன்னு சொன்னதும், அடிபட்டதுல எனக்குத்தான் மூளை குழம்பிப்போச்சுன்னு நினைச்சேன். இத்தன வருஷமா அப்படித்தான் நினைச்சுட்டு இருக்கேன்" என்றாள். பிறகு, "அவன் பந்து விளையாடறத எப்ப நிறுத்தினான்னு தெரியுமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. "அந்த வாரமே நிறுத்திட்டான். ஷூவ அடுத்த வீட்டுப் பையனுக்குக் கொடுத்துட்டான்" என்றாள். ராத்திரி சோறு போட்டாள், தட்டை என் கைக்கு எட்டும் இடத்தில் சத்தம் கேட்கும்படி வைத்தாள். கண் தெரியாதவனுக்கு வைப்பது போல. இன்று காலையில் இந்தக் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்தனுப்பச் சொன்னாள். உன் வீட்டுக்கு வந்து, நீ படித்து முடிக்கும் வரை பக்கத்தில் இருப்பாளாம். அதற்குப் பிறகு இங்கே திரும்புவதா இல்லையா என்பதை உன்னைக் கேட்டுத்தான் முடிவு செய்வாளாம். நியாயம்தான்.

இப்போது உன் கண் விஷயத்துக்கு வருகிறேன். உன் கல்யாண ரிசெப்ஷனில் வீடியோ போடுவதற்காக ஹாலில் விளக்கை அணைத்தார்களே, அப்போது நீ மேடையிலிருந்து இறங்கினாய். இறங்கும்போது சௌம்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கால் விரலால் படியைத் தேடினாய். எல்லோரும் புது மாப்பிள்ளைக்கு இப்போதே பெண்டாட்டி கை வேண்டியிருக்கிறது என்று கேலி செய்தார்கள். எனக்கு அந்தக் காலை அடையாளம் தெரிந்தது. என் கால் அப்படித்தான் தேடும். என் அப்பா அந்தி சாய்ந்தால் வீட்டை விட்டு இறங்க மாட்டார், என்ன ஒழுக்கமான மனுஷர் என்று ஊரே புகழ்ந்தது. அதன் அர்த்தமும் எனக்கு இப்போதுதான் புரிகிறது. ஞாயிற்றுக்கிழமை உன் லைட் பேச்சைக் கேட்டதும் எனக்குச் சந்தேகம் உறுதியானது. ஒன்றுமில்லாமல் இருக்கலாம். வெறும் பவர் கண்ணாடியோடு முடிந்துபோகலாம், அப்படித்தான் ஆகவேண்டும் என்று நான் கும்பிடாத சாமி இல்லை. ஆனால் பார்க்காமல் தெரியாது. உன்னைக் கூட்டிக்கொண்டு வா என்று அந்த டாக்டர் பெண் எழுதிக் கொடுத்த நாளிலேயே போயிருந்தால் உனக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கும். அந்தச் சீட்டையும் இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன்.

காரின் பல்பை இனி மாற்றாதே. சந்தேகமாக இருந்தால் உன் கூட்டாளி ஒருவனை ஓட்டச் சொல்லி நீ பக்கத்தில் உட்கார். ரோட்டில் என்னென்ன தெரிகிறது என்று அவன் சொல்லிக்கொண்டே வரட்டும். அவனுக்குத் தெரிகிற நாயும் குழியும் உனக்குத் தெரியவில்லை என்றால் கோளாறு வண்டியில் இல்லை. மஞ்சள் கண்ணாடி வாங்காதே. முன்னால் போகிற வண்டியின் விளக்கை நம்பிப் போகாதே, அவன் குழியில் விழுந்தால் நீயும் விழுவாய். நல்ல கண் உள்ளவனே தன் லைட் விழுகிற தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில்தான் இருட்டில் போகவேண்டும். எதிர் லைட் அடித்த பிறகு ரோடு திரும்பி வரத் தாமதமானால் ஓரமாக நிறுத்திவிடு, பின்னால் எவன் ஹாரன் அடித்தாலும் சரி. பகலில் அட்டையைப் படித்துவிட்டு என்னைப் போல ஏமாறாதே. இத்தனையும் எனக்குத் தெரியும், தம்பி. ஒன்றைக்கூட நான் செய்ததில்லை.

வெள்ளிக்கிழமைப் பயணத்தை நிறுத்திவிடு. கெஞ்சிக் கேட்கிறேன். சம்பந்தி வீட்டுக்கு நானே போன் செய்து காரணத்தையும் சொல்கிறேன், என் கண், என் பொய் என்று எல்லாவற்றையும் சேர்த்து. அடுத்த செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு எறணாகுளத்தில் கண் டாக்டரிடம் நம் இரண்டு பேருக்கும் நேரம் வாங்கியிருக்கிறேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் அன்றைக்கு உன்னால் வண்டி ஓட்ட முடியாது, அதனால் காரை எடுத்து வராதே. நான் இங்கிருந்து போட்டில் வந்துவிடுகிறேன். இப்போதெல்லாம் எனக்கு நேரே இருப்பது மட்டும்தான் தெரிகிறது, பக்கத்தில் நின்று சிரிப்பவர்கள் தெரிவதில்லை. மாவுக்காரனுக்குத் திமிர் என்று ஊரில் பெயர். என் கண்ணும் உன் கண்ணும் ஒரே மாதிரியா என்று டாக்டருக்குப் பார்க்க வேண்டியிருக்குமாம், அதற்காகத்தான் நானும் வருகிறேன். நீ என்னோடு பேச வேண்டியதில்லை. தள்ளி உட்கார்ந்துகொள். அங்கேயும் எல்லோர் முன்னாலும் நான்தான் முதலில் சொல்வேன், எனக்கு எத்தனை வருஷமாகத் தெரியும் என்று.

என்னை மன்னி என்று எழுதவில்லை. அந்த வார்த்தையை மூன்று வாரத்துக்கு முன்னால்தான் அசிங்கப்படுத்தினேன். நீ கோபப்படு. உனக்கு என்மேல் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை, பதினாறு வயசோடு அதையும் உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். பெரியப்பா அடித்த அந்த அடியை நீ எனக்குத் திருப்பித் தந்தாலும் நான் வாங்கிக்கொள்வேன். நீ வேலை முடிந்து வீட்டுக்கு வந்து இதைக் கையில் எடுக்கும்போது மணி பத்தரை ஆகியிருக்கும். படித்து முடித்ததும் உனக்கு ரத்தம் கொதிக்கும். சாவியை எடுத்துக்கொண்டு நேரே இங்கே வந்து என் சட்டையைப் பிடிக்க வேண்டும் என்று தோன்றும். வா. ஆனால் இப்போது வேண்டாம், தம்பி. விடிந்த பிறகு வா.

அப்பா